ஸ்வீடன் ராஜாவுடன் ஒரு யுத்தம்

ஜூலை 14, 2007, சனி

போலோ டி-ஷர்ட் பேட்டர்ன் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. காலர் உட்காரவில்லையாம். இத்தனை வருஷமாக கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைகிறேன், இந்தக் காலர் மட்டும் என்னை மதிப்பதே இல்லை.

நாளை ஆராதனை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். சாயப்பட்டறை லேபில் வேலை பார்ப்பவர், பெயர் ஜெபசிங், சொந்த ஊர் நாசரேத் பக்கம். அம்மா நீலப் புடவையை எடுத்துத் தேய்த்து வைத்துவிட்டார்கள். எனக்கு நீலம் பிடிக்காது என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 15, ஞாயிறு

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்று தனியாகப் பேச விட்டார்கள். நல்லவேளை, வெயில் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றேன். "உங்க இஷ்டம்" என்றார். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு நான் ஒருத்திதான் துணை, எங்கள் காம்பவுண்டிலேயே பக்கத்து வீடு காலியாகப்போகிறது, அதில் குடியிருக்கலாம் என்று ஆசை என்றேன். அதற்கும் "உங்க இஷ்டம்". இவர் மனுஷனா, ரப்பர் ஸ்டாம்பா?

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன செய்வீர்கள் என்று சும்மா கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஸ்வீடன் ராஜாவா இருப்பேன்" என்றார்.

கம்ப்யூட்டர் கேமாம். ஐரோப்பாவில் முப்பது வருஷம் நடந்த சண்டையாம். அதற்குப் பிறகு மனுஷனை நிறுத்த முடியவில்லை. சேற்றில் பீரங்கி போகாது, பனிக்காலத்தில் குதிரைக்குப் புல் கிடைக்காது, சண்டையில் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அதிகம் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அம்மா கேசரியோடு படியேறி வந்ததும் மறுபடி ரப்பர் ஸ்டாம்ப்.

அந்த சிடி கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன். அம்மா முகத்தைப் பார்க்கணுமே!

ஜூலை 20, வெள்ளி

எங்கள் கம்பெனி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே மார்க்கரில் "30" என்று எழுதிய சிடி. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் போட்டுப் பார்த்தேன். முழுக்க வரைபடம். எந்த பட்டனைத் தொட்டாலும் இன்னொரு கட்டம் திறக்கிறது. எங்கே சண்டை போடுவது என்றே தெரியவில்லை.

சண்டை எப்படித் தொடங்கியது தெரியுமா? பிராக் நகரத்தில் புராட்டஸ்டன்ட்காரர்கள் கத்தோலிக்க அதிகாரிகளை ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிட்டார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் ஆள் சாகவில்லை. தேவதூதர்கள் தாங்கிப் பிடித்தார்கள் என்று ஒரு கட்சி, எருக்குழியில் விழுந்தார்கள் என்று இன்னொரு கட்சி. நாங்களும் புராட்டஸ்டன்ட், சி.எஸ்.ஐ. என்பதால் நான் எருக்குழியைத்தான் நம்ப வேண்டும். ஆனால் அதற்காக முப்பது வருஷமா? யாருமே நடுவில் போதும் என்று சொல்லவில்லையா?

ஜூலை 25, புதன்

என் படை பட்டினி கிடந்து செத்தது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

வியன்னாவில் இருக்கிற கத்தோலிக்கச் சக்கரவர்த்தி நான். (ஸ்வீடன் அவருடையது, அதைத் தொட மனசு வரவில்லை.) இருக்கிற படையையெல்லாம் வியன்னாவிலேயே குவித்து வைத்தேன். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே நடக்கிறது என்று எங்கள் முதலாளி வெளிநாட்டுக்காரர்களிடம் பெருமையடிப்பாரே, அந்தப் புத்தி. படை ஊரையே தின்று தீர்த்துவிட்டது. சுற்றுக் கிராமங்களும் காலி. அப்புறம் ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள்.

அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏளா, நீ எந்தப் பக்கம் நிக்குத?" என்று கேட்டார்கள். போப் பக்கம் என்றேன். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூலை 28, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

சம்பளம் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது தோன்றியது. எங்கள் முதலாளி ஒருத்தர்தான் ஒரே கூரை. மற்றபடி இந்த ஊரில் எந்த வேலை ஒரே இடத்தில் நடக்கிறது? துணி ஒரு தெருவில் நெய்கிறார்கள், சாயம் வேறு ஊரில், தையல் இன்னோர் இடத்தில். பெட்டி கட்டுகிற அன்றுதான் எல்லாம் ஒன்று சேர்கிறது. படையையும் அப்படிப் பிரித்து விட்டால்? ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கட்டும், சண்டை அன்று மட்டும் ஒரே இடத்துக்கு வரட்டும்.

வேலை செய்கிறது. ஒருத்தரும் ஓடவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது, அவருக்கே போன் போட்டேன்.  அந்தக் காலத்துத் தளபதிகளும் அப்படித்தான் செய்தார்கள், எனக்கு அது புரிய ஒரு வருஷம் ஆச்சு என்றார். நாமிருவரும் ஆடலாமா என்று கேட்டார். ஒருவர் ஆடி முடித்து ஃபைலை இமெயிலில் அனுப்பினால் மற்றவர் ஆடலாமாம்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. சிடிக்காக ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கொள்வாளா என்று மருதாள் அக்காவிடம் கேட்டேன். எங்கள் தையல் லைனுக்கு சூப்பர்வைசர் அவர், எதையும் மறைக்காத நாக்கு. "கொணம் எப்படிங்கண்ணு?" என்று கேட்டார். அதுதான் தெரியவில்லை. புடவை நிறம், மண்டபம், சாப்பாடு, எல்லாவற்றுக்கும் உங்க இஷ்டம் என்கிறார். எல்லாம் என் இஷ்டம் என்றால் அவருக்கென்று ஒன்றும் இல்லையா?

ஆகஸ்ட் 17, வெள்ளி

தினம் ஒரு ஃபைல் போகிறது, ஒரு ஃபைல் வருகிறது. ஒரு தடவை ஆடினால் யுத்தத்தில் ஒரு மாதம் நகர்கிறது. நம் படைக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறம். அவர் எங்கே ஒளிந்திருக்கிறார், என்ன நினைக்கிறார் என்று பேட்டர்ன் வரையும்போதுகூட யோசிக்கிறேன். இன்றைக்கு ஒரு கை வைக்கவே மறந்துபோய் டி-ஷர்ட்டை பிரிண்ட் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, புதன்

மூன்று ஊர் பிடித்தேன். ஸ்வீடன் ராஜா பின்வாங்குகிறார். ஆபீஸில் நடக்கும்போதே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 8, சனி

ஜெயித்துவிட்டேன்! ஸ்வீடன் சரண். "நீங்க பெரிய ஆளுதான்" என்று மெயில்.

நாளை முதல் ஓலை.

செப்டம்பர் 9, ஞாயிறு

ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் படித்தபோது எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இப்படி மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். சின்ன வயதில், யாராவது எழுந்து நிற்கமாட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் ஆசையாகக் காத்திருப்பேன். ஒருத்தரும் நின்றதில்லை.

மத்தியானம், ஜெயித்த ஆட்டத்தை ஆசைக்கு இன்னொரு தரம் திறந்து பார்த்தேன். ஆட்டம் முடிந்தால் சாம்பல் நிறம் போய் முழு வரைபடமும் தெரிகிறது. நேற்று சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

வடக்கே, கடலோரத்தில், அவருடைய பெரிய படைகள். ஒன்றல்ல. வயிறு நிறையச் சோறு, பீரங்கி, குதிரை எல்லாவற்றோடும் நிற்கின்றன. தொடக்கத்தில் இறங்கிய இடத்திலேயே நிற்கின்றன. ஒரு அடி நகரவில்லை. என்னோடு சண்டை போட்டதெல்லாம் உதிரிப் படைகள்.

நான் ஜெயிக்கவே இல்லை. ஜெயிக்க விட்டிருக்கிறார்.

செப்டம்பர் 10, திங்கள்

போன் போட்டேன். அந்தப் படைகள் ஏன் நகரவில்லை என்று கேட்டேன். மழுப்பினார். மறுபடி கேட்டேன். "நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுதான் விட்டுக்குடுத்தேன். இதுல என்ன இருக்கு?"

என்ன இருக்கா? ராத்திரி பகலா மண்டைய உடைச்சிக்கிட்டு யோசிச்சேனே, அது என்ன? நான் கண்டுபிடிச்சேன்னு குதிச்சேனே, அப்ப சிரிச்சிருப்பாருல்லா? பிள்ளைக்கு முன்னால ஓடற மாதிரி ஓடித் தோத்துக்காட்டியிருக்காரு. எனக்கு ஒண்ணும் அம்புட்டு வயசு கம்மி இல்ல.

அம்மாவிடம் சொன்னால், கட்டிக்கப்போறவ சந்தோஷத்துக்கு விட்டுக்கொடுக்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும், குடும்பம்னா விட்டுக்கொடுத்துத்தான் போகணும் என்கிறார்கள். விட்டுக்கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? விட்டுக்கொடுக்கிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும். கடலோரத்தில் ஒளித்துவைத்துவிட்டு இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. வேலை, வீடு, மண்டபம்... அந்த "உங்க இஷ்டம்" எல்லாவற்றுக்கும் பின்னால் எத்தனை படை நிற்கிறதோ?

செப்டம்பர் 13, வியாழன்

மெயில் அனுப்பினேன். புது ஆட்டம். அதே நாடுகள். நிஜமாக ஆட வேண்டும். ஒரு படையாவது சும்மா நின்றது என்று தெரிந்தால், மூன்றாவது ஓலையில் நானே எழுந்து நின்று தடை சொல்வேன் என்று எழுதினேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

மருதாள் அக்கா கேட்டுவிட்டு, "தாலி ஏறுறதுக்கு மிந்தியே சண்டையாங்கண்ணு? நல்லதுதான் போ, மிச்சமாகும்" என்றார். என்ன மிச்சமாகும் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

இரண்டாவது ஓலை. அவர் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஃபைல் வந்தது. திறந்தேன். என் பக்கம் இருந்த பவேரியா போய்விட்டது! நான்கு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறார். நான் பிரித்துவைத்த படைகள் ஒன்று சேரும் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றிருக்கிறார். நான் கண்டுபிடித்த வழியில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. இவ்வளவு நாள் இது அவருக்குத் தெரிந்திருந்ததா?

கோபம் வரவேண்டும். ஆனால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இப்படியும் செய்யலாமா, இப்படியும் செய்யலாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 19, புதன்

தொடர்ந்து அடி. வியன்னா மட்டும் மிச்சம். ஆற்றுப் பாலத்தை உடைத்து அவருடைய குதிரைப்படையை பனியில் பட்டினி போட்டேன். "அய்யொ, இத எதிபாக்ல" என்று ஒற்றை வரி மெயில். இது நிஜமான அய்யோ. பொய்யாக இருந்தால் இவ்வளவு எழுத்துப்பிழை வராது.

செப்டம்பர் 20, வியாழன்

அவரே கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டார். டீக்கடை ஓரம் நின்றோம். விரல் நுனியெல்லாம் பச்சைச் சாயம். நிஜமாக ஆடச் சொன்னீர்கள் இல்லையா, இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது என்று இழுத்தார். டீ ஆறிப்போனது.

"உங்கம்மா வீட்டுக்குப் பக்கத்துல இருக்க எனக்கு இஷ்டம் இல்ல ஆஷா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். அங்க இருந்தா மூணு நேரமும் அத்தை சோறுதான் வரும். நல்லாத்தான் இருக்கும். ஆனா நாமளா சமைச்சு, நாமளா கருக்கித் திங்கிற வீடு ஒண்ணு எனக்கு வேணும்."

 அந்த வீட்டுக்குத் திரைச்சீலை அளவுகூட எடுத்து வைத்திருந்தேன். அம்மாவைத் தனியாக விட்டுட்டுப் போகச் சொல்லுதீங்களா என்று கேட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, உங்க இஷ்டம் என்றும் சொல்லவில்லை. "பேசலாம். ஆனா இது என் மனசுல உள்ளது" என்றார்.

பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 22, சனி

நாளை மூன்றாவது ஓலை. இரண்டு நாளாக ஃபைலைத் திறக்கவில்லை.

நான்தானே கேட்டேன், ஒளித்துவைத்த படையை வெளியே கொண்டு வா என்று. வந்ததும் எனக்கு வலிக்கிறது. உங்க இஷ்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்திருந்தால் அந்த வீடு எனக்குக் கிடைத்திருக்கும். அவர் எங்கே இருக்கிறார் என்பது மட்டும் கடைசிவரை தெரிந்திருக்காது. எது வேணும் எனக்கு?

அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "எனக்கென்ன, நான் என்ன நொண்டியா? பஸ் இருக்குல்லா" என்றார்கள். பிறகு ரொம்ப நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயமா என்று நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 23, ஞாயிறு

தடை ஏதும் அறிந்தவர்கள் என்று போதகர் படித்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஜெபசிங் இந்தத் தடவை திரும்பி, நேராக என்னைப் பார்த்தார். பயந்துபோயிருந்தார். ஒருவேளை இவள் எழுந்தாலும் எழுந்துவிடுவாள் என்று நிஜமாகவே நினைத்திருக்கிறார்.

நான் எழவில்லை. மத்தியானம் அவருக்கு போன் செய்து என் பக்கத்தைச் சொன்னேன். வீடு தனி வீடாகவே இருக்கட்டும், ஆனால் அம்மா வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்க வேண்டும், ஞாயிறு முழுக்க அங்கேதான். ஞாயிறு மத்தியானம் தனக்கு யுத்தம் இருக்கிறதே என்றார். கம்ப்யூட்டரை அம்மா வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அரை மணி நேரம் இழுபறி. ஒத்துக்கொண்டார். சண்டை போட்டு ஒத்துக்கொண்டார்.

செப்டம்பர் 27, வியாழன்

கல்யாணம். நேரமில்லை.

அக்டோபர் 28, ஞாயிறு

சாம்பாரை இரண்டு பேரும் சேர்ந்து கருக்கிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தோம். வியன்னா விழுந்தது. மூன்று பக்கம் நான் காத்து நிற்க, நான்காவது பக்கமாக நுழைந்துவிட்டார். நுழைந்துவிட்டு வெட்கமே இல்லாமல் கைதட்டினார். கோபத்தில் அடுப்படிக்கு எழுந்து போனேன்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை ஒன்ன நல்லா வச்சிருக்காரா?" என்று கேட்டார்கள்.

"ஒரு எடத்துலகூட விட்டுக்குடுக்க மாட்டேங்காரும்மா" என்றேன்.

அம்மா பயந்துபோய்க் கையைத் துடைத்துக்கொண்டு என்னை உட்காரவைத்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.