வாயில் பாட்டிலோடு தூக்கம்

திங்கள்.
பனி. துணி காயவில்லை. பாப்பாவுக்குப் பல்வலி, ராத்திரி எழுந்து எழுந்து அழுதாள். வழக்கம்போல பாட்டில்: சீனி போட்ட டின் பால், சுடுதண்ணீர். உறிஞ்சிக்கொண்டே அடங்கினாள். விடியுமுன் போர்வையோடு தூக்கிப்போய்த் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் கிடத்திவிட்டு, பேர் கூப்பிடுமுன் பெரட்டுக்கு ஓட்டம். பாட்டில் வாயிலேயே. எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான். முழித்து அழுதால் ஆயா திட்டுவார்.
வாங்க: சோப்பு, டின் பால்.

செவ்வாய்.
மழை. தானா ராத்தா டவுனில் பல் கிளினிக். லீவு கேட்டதற்குத் தோட்ட ஆபீஸ் கிராணிக்கு மூஞ்சி தூக்கல். பல் பார்க்கும் மிஸி நம் தமிழ்ப்பெண். முன்பல் நாலும் சொத்தை, உள்ளே சீழ். வெள்ளிக்கிழமை பிடுங்க வேண்டும்.
"தூங்கறப்ப வாயில எச்சி அவ்வளவா ஊறாதுக்கா. பால் அப்படியே பல்லுல நிக்கும். இனிமே படுக்கறப்ப பச்சத்தண்ணி மட்டும்."
வலித்தால் எழுகிறாள். தூங்கவைக்கப் பால் கொடுக்கிறேன். அந்தப் பாலே பல்லைத் தின்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வரும் வழியில் சோப்பு வாங்கினேன்.

புதன்.
இவர் கோலா தெர்லாவில் லோரியில் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். போனில் சொன்னேன். "பால்பல்லுதானே லா, மறுபடி முளைக்கும்." முளைக்க ஆறேழு வயதாகும். இவளுக்கு நாலுகூட முடியவில்லை.
ராத்திரி தண்ணீர் பாட்டிலை வீசி எறிந்தாள். ஒரே கத்தல். பக்கத்து வீட்டு அக்கா பலகைச் சுவரைத் தட்டி, கொஞ்சம் பாலைக் கொடுத்துத் தொலை என்றார். டின்னை அலமாரி மேல் ஏற்றி வைத்தேன்.

வெள்ளி.
பிடுங்கியாயிற்று. ஊசிக்கு மட்டும் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் இவர் நாலு பல்லையும் தகரக்கூரை மேல் எறிந்தார். சத்தம் கேட்டுப் பாப்பா கைதட்டினாள். கஞ்சி வைத்தேன், அடி பிடித்துவிட்டது.

சனி.
பனி இல்லை. நேற்றுப் படுக்கும்போது தண்ணீர் பாட்டில். உதட்டில் வைத்துப் பார்த்து என்னிடம் நீட்டினாள். "பால் இல்லம்மா இது. நீ குடி." குடித்தேன். விடியும்வரை தூங்கினாள். இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.
கொட்டகையில் மற்றப் பிள்ளைகள் வரிசையாகத் தூக்கம். ஒவ்வொரு வாயிலும் பாட்டில். ஓரத்துப் பையனுடையதை மெல்ல உருவினேன். வீறிட்டான். ஆயா திரும்பிப் பார்த்தார். பெரட்டு மணி அடித்தது. திரும்ப அவன் வாயில் வைத்துவிட்டுப் போனேன்.