வாசலில் கட்டிய வேப்பிலை

12 செப்டம்பர் 1957, வியாழன்

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மை கண்ட வீடு மாதிரி வாசலில் வேப்பிலை கட்டியது நான்தான். என் மனைவி காமாட்சிக்கு அம்மை இல்லை, மூளையில் கட்டி. சிங்கப்பூரில் தலைக்குக் கதிர் பாய்ச்சியதில் நோயை எதிர்க்கும் சக்தி இரத்தத்தில் குறைந்துவிட்டது, சளிக்காரர் யாரும் அண்டக்கூடாது என்றார் டாக்டர். எங்கள் ஊரான காஜா பெராங்கே இருமிக்கொண்டு அவளைப் பார்க்க வந்தது. வேறென்ன செய்வேன்?

ஒன்பது நாளாக ஒருவரும் வரவில்லை.

"என்னங்க, என் மொட்டத் தலையப் பாக்கப் பயந்துட்டாங்களா எல்லாரும்?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"கண்ணு கூசுதாம் லா."

அவள் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். எனக்கே தும்மல் வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். வருகிற வழியில் கஞ்சிப் பானையைக் காலால் தட்டிவிட்டேன். கையிலிருந்த பாய் கஞ்சியில் விழுந்து நனைந்துவிட்டது.