அந்தோனியின் முப்பத்தாறு படங்கள்

நவம்பர் 4, செவ்வாய்
சினோப் பனியா மழையா என்று முடிவெடுக்காத வானம். எவரும் நம்பப்போகாத கதையொன்றை உள்ளது உள்ளபடி இந்தக் கொப்பியில் எழுதுவேன் என்று இத்தால் சத்தியம்.

ஸ்பெயின். எப்ரோ ஆறு. இரு கரையிலும் கோபுரம் போலக் கல் வளைவு, நடுவே கம்பியில் தொங்கும் பழைய பாலம். அகதிப் பயணத்தில் நானும் சிநேகிதன் அந்தோனியும். உலகம் காணாத புயல். ஒரு கையில் கம்பி, மறுகையில் அந்தோனி, பல்லில் கமரா. அப்படியும் முப்பத்தாறு படம் எடுத்தேன். முப்பது வருடமாகக் கலியாண வீடுகளில் சொல்லும் கதை.

வாங்க: பால், தேயிலை, பிறஷர் குளிசை.

நவம்பர் 5, புதன்
ஆஸ்பத்திரி. அந்தோனிக்கு இனி வைத்தியம் இல்லையாம். வலிக்கு மட்டும் ஊசி.

"மச்சான், அந்தப் பாலத்துப் படம் ஒண்டையாவது காட்டன்ரா. பெட்டிக்கை கிடக்கு எண்டாய், பேந்து ரொறொன்ரோவிலை விட்டிட்டன் எண்டாய்."

"தண்ணி பூந்து ஒட்டிப்போச்சு. பிரிச்சுக்கொண்டு வாறன்." வாய் தானாகச் சொன்னது.

வாசலில் அவன் மகள் மெரின்: "மாமா, மரண அறிவித்தலுக்குப் போட அப்பா சிரிக்கிற படம் ஒண்டும் இல்லை. எல்லாம் பாஸ்போட் முகம். உங்கட படம் கட்டாயம் வேணும்."

"ஓம் பிள்ளை."

பேய்ப்பயல் நான்.

நவம்பர் 6, வியாழன்
வெயில். பிரயோசனமில்லாத வெயில். அந்தக் கமரா, எங்களை எல்லை கடத்திவிட்ட ஏஜென்ற் தந்தது. "கழுத்திலை போட்டு, ரூறிஸ்ற் மாதிரி படம் எடுத்துக்கொண்டு நடவுங்கோ." உள்ளே பிலிம் இல்லை. எனக்குத் தெரியும். அந்தோனிக்குச் சொல்லவில்லை, சொன்னால் அவன் முகம் விறைக்கும், பொலிஸ் பிடிக்கும். பிறகு சொல்ல வெட்கம். நாளை சொல்லவேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி
பஸ் பிந்தியது. அந்தோனிக்கு நேற்றுப் பின்னேரம் தொடக்கம் நினைவில்லை. பிலிம் இல்லாத கதை முழுவதையும் அவன் காதுக்குள் சொன்னேன். மெரின் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப ஒரு படமும் இல்லையா, மாமா?"

"இல்லைப் பிள்ளை."

தகப்பனின் போர்வையை இழுத்துவிட்டாள். என்னை ஏசியாவது இருக்கலாம்.

வெறுங்கையைக் கமரா போலக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, "சிரியடா" என்றேன். அவன் முகம் அசையவில்லை.

அன்று எப்ரோவில் புயல் இல்லை. பாலம் ஆடவில்லை, ஆடியது என் கால். நான் அவனைப் பிடிக்கவில்லை. நடுப்பாலத்தில் நின்று, என்னைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தான். அது மட்டும் உண்மை.