ஏழு என்றால் இலையுதிர்காலம்

மார்ச் 3, சனி

காலையிலேயே வெயில். கம்ப்யூட்டர் அறையில் மட்டும் குளிர். ஸ்வெட்டர் மறந்து போச்சு.

எல்லாம் நான் முன்பே சொன்னது. ஜனவரியிலேயே சொன்னேன், பழைய புரோகிராமைப் பிரித்தால் பேய் கிளம்பும் என்று. கிளம்பிவிட்டது.

பிரித்தது அக்கா மகள் ரோஸி. எங்கள் ஆபீஸ் புரோகிராமர், இன்னும் நிரந்தரம் ஆகாதவள். நான் எண்களைத் தட்டி ஏற்றுகிறவன். எங்கள் கெடா மாநிலத்தில் நெல், ரப்பர், சம்பளம் எல்லாம் இன்னும் சில வருஷத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல ஒரு பெரிய மாடல். எண்கள் அதற்குள் போகும் முன் அரிசி களைவது போல் களைந்து கொடுக்க ஒரு புரோகிராம். முன்பிருந்தவர் தலையும் வாலும் தெரியாமல் ஒரே நீளமாக எழுதியது. ரோஸி அதைத் துண்டு துண்டாக ஒழுங்கு செய்கிறாள்.

இன்று மாடல் சொன்னது: பாலிங் பக்கம் ரப்பர் பாதியாகிவிடும். ரோஸி முகத்தில் ரத்தமில்லை.

வாங்க: கொசுவர்த்தி, பிளேடு, அக்காவுக்கு நெத்திலி.

மார்ச் 4, ஞாயிறு

வெயில். கெடாவில் வெள்ளிதான் லீவு, ஞாயிறும் ஆபீஸ். ரோஸி இரண்டு தப்பு பிடித்தாள். ஓரிடத்தில் ராத்தலும் கிலோவும் கலந்து கிடந்தன. இன்னோரிடத்தில் ஒரே மாதத்தை இரண்டு தடவை கூட்டல். திருத்தினாள். ரப்பர் அப்படியே பாதி.

"நான்தான் மாமா பிரிச்சிப் போட்டுக் கெடுத்துட்டேன். பழசே நல்லா இருந்துச்சி லா."

"சேச்சே. மெஷின் சூடும்மா. நான் எத்தன பாத்திருக்கேன்!"

இந்த ஒரு மெஷின்தான் பார்த்திருக்கிறேன். இது வந்த அன்று சுவிட்சு போட்டதே நான் என்று கேன்டீனில் மறுபடி சொன்னேன். (டார்ச் பிடித்தேன்.)

ஒரு விஷயம். தோட்டக் கணக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே ஓர் எண் குறியாக வரும். 7 வந்தால் பழைய புரோகிராம் எங்கோ தாவிவிடும். 7 என்றால் என்னவென்று ஜனவரியில் ரோஸி என்னிடம்தான் கேட்டாள். இலையுதிர்காலம், பால்வெட்டு இல்லை, ரப்பர் பால் இல்லை, பூஜ்யம் போடு என்றேன். எனக்குச் சொன்னவர் பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதிய சவரிமுத்து கிராணி. துரையே அவரிடம் யோசனை கேட்பார். அதில் தப்பு வர வழியில்லை.

மார்ச் 5, திங்கள்

ந. சார் வந்தார். நடராசா சார், பெரிய அதிகாரி, யாழ்ப்பாணத்தார். நீளத் தாளை ரோஸியின் மேசையில் விரித்தார்.

"பிள்ளை, நவம்பரிலை எந்த ரப்பர் மரம் இலை கொட்டுது? எனக்கு ஒருக்காக் காட்டும், பாப்பம்."

"சார், 7-னா இலையுதிர்காலம்னு ஒரு தோட்டத்து கிராணி..."

"நீர் அவரோட கதைச்சனீரோ?"

ரோஸி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் பிரின்டருக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். இன்னும் குனிந்தேன்.

"இல்ல சார். விசாரிக்காம எழுதினது என் தப்பு."

"விசாரிக்காமல் எழுதினா அது மாடலோ, மாந்திரீகமோ? நிரந்தரக் கடிதம் இப்ப வேண்டாம். பிறகு பாப்பம்."

என் பெயர் அவள் வாயில் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை.

இலை மாசியில் கொட்டும். தோட்டத்தில் பிறந்தவன், எனக்குத் தெரியாதா? நவம்பர் மாதத்துக்கு எதிரே என் விரலால்தான் அந்த 7-ஐத் தட்டினேன்.

சோறு இறங்கவில்லை. அக்காவிடம் பல்வலி என்றேன்.

மார்ச் 6, செவ்வாய்

கொஞ்சம் மேகம். மழை இல்லை.

"கிராணியப் போய்ப் பாத்து கேக்கலாம் மாமா. பாலிங்குக்கு பஸ் இருக்குல்ல?"

"அவரு போய்ச் சேந்துட்டாரும்மா. போன வருஷம். நான்தான் பெட்டி தூக்குனேன்."

வாய் தானாகப் போகிறது.

ரோஸியே ஒரு தோட்ட ஆபீசுக்கு போன் போட்டாள். அங்கே சிரித்தார்களாம். 7 என்றால் அறிக்கை தாமதமாக வந்தது, அவ்வளவுதான். பால் இருந்தது. நாங்கள்தான் களைந்து கொட்டிவிட்டோம்.

துண்டு துண்டாகப் பிரித்திருந்ததால் திருத்தம் ஒரே இடத்தில். பழையதாக இருந்தால் எத்தனை இடத்தில் தேட வேண்டுமோ. பாலிங் ரப்பர் திரும்பி வந்தது. ந. சார் பார்த்தார். "இப்ப சரி." கடிதம் பற்றிப் பேச்சில்லை. ரோஸி கேட்கவுமில்லை.

மார்ச் 7, புதன்

சாம்பல் புதன். வேலை முடிந்து நேரே கோயில். பஸ்ஸில் ரோஸி:

"மாமா, கிராணிக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கேன். செத்தவரப் போயி சார் முன்னாடி இழுத்துட்டேன், மனசு கேக்கல. புள்ளைங்க இருக்காங்களா?"

"ரெண்டு பொண்ணு."

நெற்றியில் சாம்பல். ஃபாதர் வாசித்தார், மறைந்த சவரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ரோஸி கண்ணை மூடி வேண்டினாள். கோயில் முழுக்கப் பதில் சொன்னது. நானும் சொன்னேன், சத்தமாக.

வெளியே வந்ததும் கேட்டாள், "நல்லவரா மாமா அவரு?"

"தங்கம்" என்றேன்.

அப்படி ஒரு கிராணி இல்லை. ஜனவரியில் அவள் கேட்டபோது தெரியாது என்ற சொல் எனக்கு வரவில்லை. சவரிமுத்துதான் வந்தார்.