1937-ஆம் வருட மழைப் புத்தகம்

ஏற்காடு,
அக்டோபர் 17

அன்பு மகள் சாராவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், குளிர் இறங்கியதும் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஜெப்சனும் அயர்லாந்துக் குளிரில் நலமாக இருக்கத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம். காப்பி பழுக்கத் தொடங்கிவிட்டது. பத்து நாளாக ஒரே மூடுபனி, எதிர் ஊட்டு மலர் குரல் கொடுத்தால்தான் அவள் வாசலில் நிற்பதே தெரிகிறது. பையனுக்குக் காதை மூடித் தொப்பி போடு. போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று யோசிப்பாய், அதைக் கடைசியில் சொல்கிறேன் சாமி.

ஆகஸ்டு மாதம் எஸ்டேட் ஆபீஸைச் சுத்தம் செய்தார்கள். எனக்குப் பிறகு ரைட்டராக வந்த சிவக்குமார், ஏனுங்க, இந்தப் பழைய மழைப் புத்தகமெல்லாம் குப்பைக்குத்தான் போகுதுங்க, வேணும்னா எடுத்துக்கங்க என்றான். நான் எழுதிய புத்தகங்களோடு 1937-ஆம் வருடத்துப் புத்தகம் ஒன்றும் வந்தது. எழுதியவர் ஐயாக்கண்ணு, அந்தக் கால ரைட்டர். காலை எட்டு மணிக்கு மழைமானியைத் திறந்து அளந்து எழுத வேண்டும், மழையே இல்லை என்றாலும் ஒரு கோடு போட வேண்டும், அதுதான் முறை. அந்த மனிதர் மழையோடு நாட்டு நடப்பையும் எழுதி வைத்திருக்கிறார். பிப்ரவரியில், தேர்தல், எல்லாரும் காங்கிரஸின் மஞ்சள் பெட்டி என்கிறார்கள், மழை இல்லை. ஜூலையில், புது மந்திரிசபை, ஒன்றேகால் அங்குலம். அக்டோபர் ஒன்றாம் தேதி, நம் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடை சாராயக்கடை எல்லாம் மூடல், முக்கால் அங்குலம். பனிக்குள் உட்கார்ந்து படிக்கப் படிக்க நானும் அந்த வருடத்துக்குள் போய்விட்டேன். ஐயாக்கண்ணு மழை அளக்கும் கண்ணாடிக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போவது போலவே இருந்தது. அவருடைய எழுத்து செப்டம்பர் வரை கோட்டுக்குக் கீழே இறங்கி இறங்கி ஓடுகிறது. அக்டோபர் நாலு, ஐந்து, ஆறு மூன்று நாளும் ஒன்றுமே எழுதவில்லை. ஏழாம் தேதியிலிருந்து எழுத்து நேராக நிற்கிறது, டிசம்பர் முப்பத்தொன்று வரை அப்படியே. அந்த மூன்று நாள் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை கண்ணு.

பிறகு பயந்துகொண்டே என் புத்தகங்களைத் திறந்தேன். நீ முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் ஒன்றரை அங்குலம் மழை என்று நானே எழுதியிருக்கிறேன். உன் போட்டோவில் கோயில் படிக்கட்டு முழுக்க வெயில். அன்று நான் மழைமானிப் பக்கமே போகவில்லை, முந்தின நாள் அளவைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டுச் சாராயக்கடைப் பக்கம் போய்விட்டேன். நீ வெள்ளைக் கவுனில் எனக்காகப் படியிலேயே நின்றுகொண்டிருந்தாய் என்று அம்மா சொன்னாள். போன மே மாதம் ஜெப்சன் ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் வைத்துக்கொண்டு நான் தடுமாறினேனே, உன் மாமியார் அவனைத் தாங்கிப் பிடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும். அப்பா குடிக்கிற ஊட்டுக்கு இனி என் பையனைக் கூட்டிக்கிட்டு வர மாட்டேன் என்று நீ சொன்னது நியாயம். எனக்கு நொம்ப வெட்கமாக இருக்கிறது சாமி.

ஆகஸ்டு பதினைந்து, மாதா திருநாள் அன்று நிறுத்தினேன். மூன்று நாள் ஜுரமும் நடுக்கமும், அம்மா பக்கத்திலேயே இருந்தாள். இருபத்திரண்டாம் நாள் வாழவந்தி ஊரில் நம் எஸ்டேட் கருப்பண்ணன் சாவுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டேன். இதை அம்மா உன்னிடம் மறைக்கச் சொன்னாள், அளக்காததை எழுதியது போதும் என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து திரும்பவும் எண்ணி இன்றோடு நாற்பத்திரண்டு நாள். இனி எப்போதும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யப் பயமாக இருக்கிறது, செய்த சத்தியமெல்லாம் உனக்குத் தெரியும். அந்த வருடம் கடையை மூட ஒரு மந்திரிசபை இருந்தது, எனக்கு உன் அம்மாதான் இருக்கிறாள்.

போனில் குரலைச் சரிசெய்துகொண்டு பேச எனக்கு முப்பது வருடப் பழக்கம், நீயும் பல தடவை ஏமாந்திருக்கிறாய். கையெழுத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. கடுதாசி அதற்காகத்தான். ஒவ்வொரு வரியாகப் பார். கிறிஸ்துமஸுக்குப் பேரனைக் கூட்டி வருவதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு நீயே முடிவு செய், வராவிட்டாலும் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஆண்டவர் உங்கள் மூவரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும். தொப்பியை மறக்காதே.

உன் அப்பா,
டோமினிக்

இப்போது வாசலில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். இன்று காலை கால் அங்குலம். நானே போய் அளந்தேன்.