3215031751

முகத்தில் விழிக்க முடியாத நண்பனுக்கு,

தாஷ்கந்த் கருத்தரங்கில் 3215031751 பகா எண் என்று அறிவித்தேன். வகுத்துப் பார்க்காமலே பகா எண்ணை அடையாளம் காண, 2, 3, 5, 7 ஆகியவற்றை அடியெண்ணாக வைத்துச் செய்த நான்கு சோதனைகளிலும் அது தேறியிருந்தது.

"வகுத்துப் பாத்தியாடா, கழுதை? நூத்தம்பத்தொண்ணால வகுபடுதே!" என்று எல்லோர் முன்னும் சிரித்தாய். கொதிக்கும் தேநீர்க் கெண்டியை உன் முகத்தில் அடித்து உடைத்தேன். நீ விழுந்த பிறகும் உதைத்தேன். பக்கத்து இருக்கையிலிருந்த ரஹ்மத்தில்லா இழுத்துப் பிடித்திருக்காவிட்டால் கொன்றே இருப்பேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

ஒன்பது வருடமாக நான் அந்த எண்ணை வகுத்துப் பார்க்கவேயில்லை. இன்று காலை 151ஆல் வகுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மீதியில்லாமல் போயிற்று.

இதை நீ ஒற்றைக் கண்ணால்தான் படிப்பாய்.

இப்படிக்கு,
கெண்டியால் அடித்தவன்