மச்சாளுக்கு வாங்கிய கிறீம்

சோலோதுர்ன்
15.02.1998

என் அன்பு மச்சாள்,

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க மாமாங்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். இங்கே சுவிஸில் குளிர் குறையவில்லை.

நீங்கள் கேட்ட கிறீம் கிடைத்துவிட்டது. “லண்டன் கிறீம் தண்ணி மாதிரி, நீ சக்தி கூடினதாப் பார்த்து அனுப்பு” என்று உத்தரவு போட்டீர்களே, அந்தச் சக்தியைத் தேடியே என் சனிக்கிழமை போய்விட்டது. சுருக்கத்தை எடுக்கிற சரக்கின் பெயர் ரெட்டினோல். வைட்டமின் ஏ-யில் ஒரு வகையாம். எல்லாக் குழாயிலும் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு என்று ஒன்றிலும் இல்லை.

இங்கே ட்ரோகெரி என்று ஒரு கடை, சின்ன மருந்துகளும் அழகுச் சாமான்களும் விற்பார்கள். அங்கே நிற்கிற பெண் குழாயின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கூடிய பொருள் முதலில், குறைந்தது கடைசியில் என்று எழுதுவார்களாம். முதலில் தண்ணீர். ரெட்டினோல் எங்கோ வாலில். இவ்வளவு துளிக்கா இந்த மகிமை என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஒவ்வொரு குழாயாகப் பார்த்து, வாசனைக்கும் முன்னால் ரெட்டினோல் நின்ற ஒன்றை எடுத்தேன். அதற்குப் பிறகும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு மாலை வேலை, பஸ்ஸும் வந்துவிட்டது. ஓடி வந்துவிட்டேன்.

கொழும்புக்கு வருகிற எங்கள் ஊர்க் குகதாசனிடம் கொடுத்துவிடுகிறேன். இரவில் மட்டும் பூசுங்கள். வெயில் ஆகாதாம்.

உங்கள் வதனி


கல்லடி, மட்டக்களப்பு
14.05.1998

அன்புள்ள வதனிக்கு,

கிறீம் வந்து, இரண்டு மாதமாகப் பூசுகிறேன். முதல் கிழமை முகம் பாம்புச் சட்டை போல உரிந்தது. உன் அண்ணன் பயந்துவிட்டார். இப்போது கண்ணாடி பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு தயாநிதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன ரீச்சர், முகம் மினுங்குது, ஏதும் விசேசமோ?” என்றாள். கிறீம் என்று சிரித்துச் சமாளித்தேன்.

ஒன்று கேட்கவேண்டும். தோலில் பூசுவது இரத்தத்துக்குள் இறங்குமா? ஏன் கேட்கிறேன் என்று திருப்பிக் கேட்காதே. நாலு மாதம் போகட்டும், வாய் திறக்கிறேன். கண்ணூறுக்குப் பயந்து உன் அண்ணனைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. கிறீமை நிறுத்தினால் ஏன் என்று துருவித் தயாநிதி கண்டுபிடித்துவிடுவாள் என்று தொடர்ந்து பூசிக்கொண்டிருக்கிறேன். பருப்பு தாளிக்கிற மணம் வந்தாலே குமட்டுகிறது.

உன் மச்சாள்
பரமேஸ்வரி


சோலோதுர்ன்
07.06.1998

என் மச்சாள்,

கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் பிரித்தேன். ஆரே ஆற்றுப் பாலத்தில் நின்றபடி அழுதேன். நாற்பத்திரண்டு வயதில், கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்துக்குப் பிறகு. கடவுளே!

இதைப் படித்தவுடன் கிறீமை நிறுத்துங்கள். தயாநிதி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். ட்ரோகெரிப் பெண்ணிடம் ஓடினேன். வைட்டமின் ஏ கூடினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, கர்ப்பிணிகள் பூசக்கூடாது என்று அன்றைக்குச் சொல்ல வந்தாளாம். நான்தான் பஸ்ஸுக்கு ஓடியவள். இன்னொன்றும் சொன்னாள். நூற்றில் ஒரு பங்குக்குக் குறைந்த பொருட்களை எந்த வரிசையிலும் எழுதலாமாம். முன்னால் நின்றதால் அது கூடியதென்றும் இல்லை, குறைந்ததென்றும் இல்லை. எவ்வளவு என்று செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும். கொம்பனிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

இங்குள்ள டொக்டர், தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு, நிறுத்தினால் போதும், பெரும்பாலும் பயமில்லை என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. உங்கள் டொக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வதனி


சோலோதுர்ன்
18.10.1998

மச்சாள்,

கொம்பனிப் பதிலை ஓகஸ்ட்டிலேயே எழுதினேன். கிடைக்கவில்லையோ என்று மறுபடியும் எழுதுகிறேன். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லையாம். ஒரு குடம் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளியா உங்கள் முகத்தை உரித்தது என்று நினைக்கும்போது, அது சின்ன அளவு என்று ஆறுதல்படவும் பயமாக இருக்கிறது.

என்னோடு கோபமென்றால் கோபம் என்றாவது எழுதுங்கள். தபால்காரன் வருகிற நேரத்துக்கு நான் வாசலில் நிற்கிறேன்.

வதனி


கல்லடி
02.02.1999

என் வதனிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பிள்ளை பிறந்து இன்று முப்பத்தோராம் நாள், துடக்கு, தீட்டு எல்லாம் கழிந்து வீடு கழுவியாயிற்று. இனி எழுதலாம். பெண் பிள்ளை. சரணியா என்று பெயர். ஒரு குறையும் இல்லை. டொக்டர் தலையிலிருந்து கால் வரை பார்த்துச் சொன்னார்.

கோபம் இருந்தது. சக்தி கூடியதைக் கேட்டவள் நான்தான் என்று தெரிந்தும் உன் மேல் கோபம். பயம் அதைவிடப் பெரிது. எழுதினால் நீ பிள்ளையைப் பற்றிக் கேட்பாய், எனக்குப் பதில் தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உன்னை வாசலில் நிற்க வைத்துவிட்டேன், அது எனக்கு வலிக்கிறது.

மிச்சக் கிறீமை உன் அண்ணன் குதிக்கால் வெடிப்புக்குப் பூசித் தீர்க்கிறார். உன் மருமகளுக்கு ஒரு நல்ல சோப் அனுப்பு. இந்த முறை பஸ்ஸை விட்டுவிட்டு, அந்தப் பெண் சொல்வதைக் கடைசி வரை கேட்டுவிட்டு அனுப்பு.

பிறந்த அன்று நேர்ஸ் துடைத்துக் கையில் தந்தபோது நான் திகைத்துப்போனேன். நெற்றியெல்லாம் சுருக்கம், கண்ணைச் சுற்றிச் சுருக்கம், கை இரண்டும் கிழவியின் கை. நாங்கள் மட்டும்தான் காத்திருந்தோம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தால், அவளும் எங்கேயோ இருந்து அந்தப் பதினெட்டு வருடமும் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி இருந்தது, வதனி.

உன் மச்சாள்
பரமேஸ்வரி